ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை யார் கையில்?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. காய் எடுப்புப் பருவத்தில் விடியும் முன்பே இப்பாதையில் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறத் தொடங்கிவிடும். அவற்றில் செல்லும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். போடிமெட்டைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை முதலிய இடங்களிலுள்ள ஏலத்தோட்டங்களிலும், நம் பக்கத்து மலைச்சரிவுத் தோட்டங்களிலும் களை எடுத்தல், சருகு கழித்தல், காய் எடுத்தல் ஆகிய வேலைகளை இவர்களே செய்கின்றனர். மலையிலிருந்து இறங்கும் காயைப் போடியிலுள்ள கிட்டங்கிகளில் தரம் பிரிப்பவர்களும் பெண்களே. ஏலப்பயிரில் கைவேலை என்று சொல்லத்தக்கதில் பெரும்பகுதி பெண்களின் கைவேலைதான்.

ஆனால் அதே தோட்டத்தில் பேர் எழுதும் நோட்டு யாரிடம் இருக்கிறது? தராசைப் பிடிப்பவர் யார்? இன்று எந்தச் சரிவில் இறங்குவது, எப்போது நிறுத்துவது என்று சொல்பவர் யார்? உலர்த்தும் ஸ்டோரின் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது? ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களிலும் விடை ஒன்றே. கங்காணி, கணக்குப்பிள்ளை, சூப்ரவைசர் என்று பெயர் மாறலாம், ஆள் ஆண்தான். இருபது ஆண்டுகளாகக் காய் எடுக்கும் பெண்ணுக்கு, நேற்று வேலைக்கு வந்த இளைஞன் ஏவல் சொல்வதை நாம் வழக்கம் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம்.

இந்த வழக்கத்தால் தோட்டத்துக்கு என்ன இழப்பு என்பதை முதலில் பார்ப்போம்.

காய் எடுப்பும் கட்டளையும்

ஏலச்செடியில் காய்கள் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை. ஒரே சரத்தில் பூ, பிஞ்சு, முற்றிய காய், பழம் நான்கும் சேர்ந்திருக்கும். ஆகையால் பருவம் முழுவதும் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பல எடுப்புகள் எடுக்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு முறையும் எந்தக் காய் எடுக்கத் தக்கது என்பதை எடுப்பவரே, அந்த நொடியிலேயே, விரலாலும் கண்ணாலும் தீர்மானிக்கிறார். உள்ளிருக்கும் விதை கருத்து, தோல் பச்சையாகவே இருக்கும் பதமே சரியான பதம். பழுக்க விட்டால் உலர்த்தும்போது காய் வெடிக்கும், நிறமும் மங்கும். முற்றும் முன் எடுத்தால் காய் சுருங்கிப் போகும்.

ஆராய்ச்சியில் கண்ட அளவு இது: 100 கிலோ பச்சைக் காயை உலர்த்தினால், நன்கு பழுத்த காயில் 29 கிலோவும், விதை கருத்த பதத்துக் காயில் 24 கிலோவும், முற்றாத காயில் 14 கிலோவும் மட்டுமே கிடைக்கும். ஒரு நாளில் எடுத்த 100 கிலோவில் 30 கிலோ முற்றாத காய் கலந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். எழுபதுக்கு 16.8 கிலோ, முப்பதுக்கு 4.2 கிலோ, ஆக 21 கிலோதான் உலர்காய். எல்லாம் பதமான காயாக இருந்திருந்தால் 24 கிலோ கிடைத்திருக்கும். மூன்று கிலோ போயிற்று. கிலோ 2,000 ரூபாய் என்று கணக்கிட்டாலும் ஒரே நாளில் 6,000 ரூபாய் இழப்பு. சுருங்கிய காய் கலந்த சரக்கு ஏல மையத்தில் மொத்த லாட்டின் விலையையும் இழுத்துவிடும். அந்த இழப்பு தனி.

பிஞ்சு கலப்பது எடுப்பவருக்குத் தெரியாததாலா? அனுபவமுள்ள பெண்ணிடம் பத்துக் காயைக் கொடுத்துப் பாருங்கள். கிள்ளிப் பாராமலே பிரித்து வைப்பார். பிஞ்சு கலப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டளையே. மேற்பார்வையாளருக்கு மாலையில் காட்ட வேண்டியது எடை. எடை கூடினால் முதலாளியிடம் நல்ல பெயர். ஆகவே "கையை ஓட்டு, கையை ஓட்டு" என்ற குரல் நாள் முழுவதும் பின்னால் நிற்கிறது. "இந்தச் சரிவில் இன்னும் ஒரு வாரம் விட்டு இறங்கலாம்" என்று ஒரு பெண் சொன்னால், "வேலைக்கு வந்தாயா, யோசனை சொல்ல வந்தாயா?" என்ற பதில் கிடைக்கும். இரண்டு முறை இப்படிக் கேட்டவர் மூன்றாம் முறை வாய் திறக்கமாட்டார். பதம் தெரிந்தவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் குனிந்து ஒரு சரத்தைப் பார்ப்பதில்லை.

முதலில் காண்பவர் யார்?

மூன்று மீட்டர் இடைவெளியில் நட்டால் எக்டருக்கு 1,111 செடிகள், ஏக்கருக்குச் சுமார் 450 செடிகள் நிற்கும். ஒவ்வொரு செடியின் தூரிலும் மாதம் ஒரு முறை குனிந்து உட்கார்ந்து சரங்களை விலக்கிப் பார்ப்பவர் காய் எடுக்கும் பெண் ஒருவரே. தோட்ட உரிமையாளர் பார்ப்பதில்லை. மருந்தடிப்பவரும் பார்ப்பதில்லை. எங்களைப் போன்றோர் ஆண்டுக்கு ஒரு முறை வந்து நாலு செடியைப் பார்த்துவிட்டுப் போகிறோம்.

கட்டே என்னும் தேமல் நோயை எடுத்துக்கொள்வோம். இளங்குருத்து இலையில் நரம்புக்கு இணையாக வெளிர்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டுத் தோன்றுவது இதன் முதல் அறிகுறி. இது அசுவினியால் பரவும் நச்சுயிரி நோய். நோய் கண்ட செடிக்கு மருந்து இல்லை. கண்டவுடன் தூரோடு பிடுங்கி அழிப்பதே வழி. ஒரு மாதம் தாமதித்தால் பக்கத்துச் செடிகளுக்கும் பரவும். மழைக்காலத்து அழுகல் நோயும் அத்தகையதே. காயில் நீர் கோத்தாற்போன்ற புள்ளி முதலில் ஒரு மூலையில்தான் தோன்றும். அன்றே அழுகிய சரங்களை நீக்கிப் போர்டோ கலவை தெளித்தால் அடங்கும். பத்து நாள் கழித்துத் தெளித்தால் செலவுதான் மிஞ்சும். தண்டுத் துளைப்பான் புழு தள்ளிய கழிவும், இலைப்பேன் சொறிந்த காயும் இவர்கள் கண்ணில்தான் முதலில் படுகின்றன.

கண்ணில் பட்டது உரியவர் காதுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி. மாணவர்களுடன் சென்ற ஒரு தோட்டத்தில், நோய் கண்ட செடிகளைத் தேடி நாங்கள் அரை நாள் சுற்றினோம். சாப்பாட்டு வேளையில் மரத்தடியில் அமர்ந்திருந்த பெண்களிடம் ஒரு மாணவி கேட்டதற்கு, எந்த ஓடைக்கு அருகில், எந்த மரத்தின் கீழ் என்று ஏழு செடிகளை ஒருவர் விரல் மடக்கிச் சொன்னார். போய்ப் பார்த்ததில் ஏழும் சரியாக இருந்தன. "கங்காணியிடம் சொல்லவில்லையா அக்கா?" என்று கேட்டோம். "அவர் கேக்கலையே" என்றார்.

ஒரு தோட்டத்தில் உள்ள சிறந்த பூச்சி நோய்க் கண்காணிப்பு ஏற்பாடு இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கிறது. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. சொல்பவருக்கு மதிப்பும், சொன்னால் அதன்மேல் நடவடிக்கை எடுக்கும் உரிமையும் கொடுத்தால் போதும்.

மூணாற்றில் 2015-இல் நடந்தது

போடிமெட்டிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேலும் சென்றால் மூணாறு. தேயிலை நாடு. அங்கே கொழுந்து பறிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கங்களின் தலைமையில் இருந்தவர்கள் ஆண்கள். 2015 செப்டம்பரில் அங்கு நடந்ததைப் பலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். தோட்டக் கம்பெனி அவ்வாண்டுப் போனஸை 10 விழுக்காடாகக் குறைத்தது. அதை எதிர்த்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையில் வந்து அமர்ந்தனர். 20 விழுக்காடு போனஸும், அன்று 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ரூபாயாக உயர்த்தலும் அவர்கள் கோரிக்கை.

அதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவர்கள் சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. தங்கள் பெயரில் இத்தனை ஆண்டுகள் பேசியவர்கள் தங்களுக்காகப் பேசவில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஊர்வலத்தில் வீட்டு ஆண்களைக்கூட ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டு, லிசி சன்னி, கோமதி, ராஜேஸ்வரி முதலிய தொழிலாளப் பெண்களே முன்னின்றனர். ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின், செப்டம்பர் 13-ஆம் நாள் முதலமைச்சர் நிலையில் நடந்த பேச்சில் 8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு கருணைத் தொகை, ஆக 20 விழுக்காடு என்று முடிவாயிற்று. கூலி கேட்டபடி 500 ஆகவில்லை. அக்டோபரில் 301 ரூபாயாக உயர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் கோமதி தேவிகுளம் ஊராட்சி ஒன்றியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பின்னர் அவர்களுக்குள் பிளவு ஏற்பட்டதும் உண்மை. இதைக் காட்டி "பெண்கள் சேர்ந்தால் இப்படித்தான்" என்று கேலி பேசுவோர் உண்டு. ஆண்கள் நடத்திய சங்கங்கள் எத்தனை முறை பிளந்தன என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. கட்சிகளும் கம்பெனியும் அரசும் சூழ்ந்து நிற்க, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த பெண்கள் ஒரே மாதத்தில் தலைமைப் பயிற்சி பெற்றுவிட முடியாது. நோட்டும் தராசும் பேச்சுவார்த்தையும் அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளில் அவர்கள் கைக்கு வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

ஏலத்தோட்டம் ஏன் வேறு?

தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் லயங்களில் சேர்ந்து வாழ்கின்றனர். முதலாளி ஒரே கம்பெனி. எனவே ஒன்றுகூட முடிந்தது. ஏலத்தோட்டத்தில் அப்படியன்று. இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று சிதறிக் கிடக்கும் தோட்டங்கள். போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து காலையில் ஏறி மாலையில் இறங்கும் பெண்கள். இன்று ஒரு தோட்டம், அடுத்த வாரம் வேறொன்று. இவர்களை ஒன்று சேர்ப்பது ஜீப் ஒன்றுதான். அந்த ஜீப்பில் இடம் கொடுப்பவரே ஆள் கூட்டிச் செல்பவராகவும், தோட்டத்தில் கங்காணியாகவும், சில சமயம் கடன் கொடுத்தவராகவும் இருக்கிறார். எதிர்த்துப் பேசினால் மறுநாள் ஜீப்பில் இடம் இல்லை. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை.

ஆகவே ஏலத்தோட்டத்தில் மாற்றம் சாலை மறியலால் வராது. ஒவ்வொரு தோட்டக்காரரும் எடுக்கும் முடிவால்தான் வரும். சிறு விவசாயிக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. அவர் யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஆள் பற்றாக்குறை நாளுக்கு நாள் கூடுகிறது. வடமாநிலத் தொழிலாளர்களை நம்பிப் பல தோட்டங்கள் நடக்கின்றன. பழகிய கை உள்ள போடிப் பெண்களுக்கு இன்று தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ளது. கூலி ஒன்றாக இருந்தால், மரியாதையாக நடத்தும் தோட்டத்துக்கே செல்கிறார்கள்.

"பெண் சொன்னால் கேட்பார்களா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத விவசாயி இல்லை. சமவெளியில் நாற்று நடவுக்கு ஆள் கூட்டி வந்து, கூலி பேசி, வேலை வாங்கி, கணக்குத் தீர்ப்பவர் பல ஊர்களில் பெண்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மதுரை மாவட்டம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அத்தகையவர். எழுத்தறிவு இல்லாத விவசாயக் கூலித் தொழிலாளி. தம்மோடு வேலைக்கு வரும் பெண்களுக்காக நிலக்காரர்களிடம் கூலி பேசித் தலைமை தாங்கினார். பிறகு களஞ்சியம் சேமிப்புக் குழுக்களைக் கட்டியெழுப்பினார். ஸ்திரீ சக்தி விருது வழங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இப்படி ஒருவர் நம் அண்டை மாவட்டத்தில் இருக்கும்போது, பெண்ணுக்கு ஆள் மேய்க்கத் தெரியுமா என்று கேட்பது பொருத்தமில்லை.

எனினும் பொறுப்பை ஒப்படைப்பதில் முறை உண்டு. பெயரளவில் ஒரு பெண்ணை மேற்பார்வையாளர் என்று சொல்லிவிட்டு, பழைய கங்காணியையும் பின்னால் நிறுத்தி வைப்பது இருந்ததைவிடக் கேடு. ஊராட்சித் தலைவியின் நாற்காலியில் கணவர் அமரும் கதை தோட்டத்திலும் நடக்கும். பொறுப்பு கொடுத்தால் மூன்றும் சேர்ந்து கொடுக்க வேண்டும்: பேர் எழுதும் நோட்டு, தராசு, எந்தச் சரிவில் எப்போது இறங்குவது என்ற முடிவு. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் குழுவிலுள்ள படித்த பெண் ஒருவர் நோட்டை எழுதலாம்; முடிவு மூத்தவருடையதாக இருக்கட்டும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. உங்களுக்குப் பணிவாக நடப்பவரைத் தேடாதீர்கள். சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் யாரைச் சுற்றி உட்காருகிறார்கள், பிணக்கு வந்தால் யாரிடம் போகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலும் அவர்தான் தக்கவர். அவரும் மனிதர்தான். உறவுக்காரிக்கு நல்ல சரிவும், பிடிக்காதவருக்கு முள்ளும் பாறையும் ஒதுக்குவது பெண் மேற்பார்வையிலும் நடக்கக்கூடும். சாதிப் பிரிவும் ஜீப்பில் ஏறித்தான் வருகிறது. சரிவுகளை முறை வைத்து மாற்றிக் கொடுத்து, அதை நோட்டில் எழுதச் சொன்னால் இது பெருமளவு குறையும்.

கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் கூலி கொடுக்க வேண்டும். முந்தைய ஆண் மேற்பார்வையாளருக்குக் கொடுத்ததில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. மேலே கண்ட கணக்கில் ஒரு நாள் தவிர்க்கும் இழப்பே அவருடைய பல நாள் கூலிக்கு ஈடாகும். கூலியை எடைக்கு மட்டும் கட்டாமல், மாலையில் ஒவ்வொருவர் பையிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துப் பரப்பி, பிஞ்சு எத்தனை என்று எண்ணும் வழக்கத்தை அவர் பொறுப்பில் விடலாம்.

ஆண் தொழிலாளர்கள் முன்னிலையில் அவர் சொன்னதை நீங்கள் மாற்றிச் சொல்லாதீர்கள். மாறுபட்ட கருத்து இருந்தால் தனியே பேசுங்கள். மருந்தடிக்கும் ஆண்களும் எந்தப் பகுதியில் என்று அடிக்கிறார்கள் என்பதை அவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். இது வெறும் மரியாதைக்காக அன்று. மருந்து தெளித்த பகுதியில், மருந்துச் சீட்டில் குறித்த நாள் கழியும் வரை காய் எடுக்கக் கூடாது. எடுத்தால் எடுப்பவர் உடலும் கெடும், காயில் நஞ்சு எச்சமும் தங்கும். "இன்று அங்கே இறங்கமாட்டோம்" என்று சொல்லும் உரிமை மேற்பார்வை செய்யும் பெண்ணுக்கு வேண்டும்.

இன்னொன்றை ஆண் மேற்பார்வையாளரிடம் எந்தப் பெண்ணும் சொல்வதில்லை. பல தோட்டங்களில் கழிப்பிடம் இல்லை. அதற்காகவே நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து, நீர்க்கடுப்பும் சிறுநீரகத் தொல்லையும் தேடிக்கொள்ளும் பெண்கள் ஏராளம். நாலு தகரமும் ஒரு குழியும் போட்டால் தீரும் காரியம். பெண் மேற்பார்வை வந்த தோட்டத்தில் முதலில் கேட்கப்படுவது இதுவாகத்தான் இருக்கும். கேட்டால் முகம் சுளிக்காமல் செய்து கொடுங்கள்.

விளிக்கும் முறையையும் மாற்ற வேண்டும். அறுபது வயதுப் பெண்ணை "ஏ பிள்ளே, வா, போ" என்று அழைக்கும் தோட்டத்தில் அவர் சொல்லுக்கு யார் கட்டுப்படுவார்? முதலாளி "வாங்கக்கா" என்று அழைத்தால் மறுநாளே மற்றவர்களும் அப்படி அழைப்பார்கள்.

உலர்த்தும் வேலையும் கற்றுக் கொடுக்கத்தக்கதே. 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பத்தைக் காத்து, ஈரத்தை வெளியேற்றி, 10 விழுக்காடு ஈரப்பதம் வரை கொண்டுவர வெப்பமானி படிக்கத் தெரிந்தால் போதும். இரவு வேலை என்பதால் உள்ளூரில் தங்கியிருப்பவர்களுக்கே இது பொருந்தும்.

சட்டம் சொல்வது

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது 1976-ஆம் ஆண்டு முதல் நாட்டின் சட்டம். 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இது இடம்பெற்றுள்ளது. பணியிடத்தில் பெண்களைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்கும் சட்டம் 2013-இல் வந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில், பெண் ஒருவரைத் தலைவராகக் கொண்ட உள்ளகக் குழு அமைக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த சிறு தோட்டமும் இச்சட்டத்துக்கு விலக்கன்று. அங்குள்ள பெண்கள் மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்கலாம். நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜீப்பு முதல் ஸ்டோர் வரை எல்லா இடத்திலும் ஒரே ஆணிடம் வேலையும் கூலியும் பயணமும் சிக்கியிருந்தால் அந்தப் புகார் பிறக்கவே பிறக்காது. தராசும் நோட்டும் வேறு கைக்குப் போவது இந்தக் காரணத்துக்காகவும் அவசியமாகிறது.

சொந்தத் தோட்டத்தில் மனைவி பார்க்கும் வேலையையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கணவர் போடியில் வியாபாரம் பார்க்க, மலையில் தோட்டத்தை நடத்துபவர் மனைவியாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய இடங்களிலும் பட்டா, தோட்டப் பதிவு, வங்கிக் கணக்கு, ஏல மையத்துச் சீட்டு எல்லாம் கணவர் பெயரில்தான். கடனுக்கும் மானியத்துக்கும் அவர் கையெழுத்துக்காக மனைவி காத்திருக்க வேண்டியுள்ளது. கூட்டுப் பெயரில் கணக்குத் தொடங்க ஒரு காலைப்பொழுது போதும்.

வரும் பருவத்தில் முதல் எடுப்புக்கு இரண்டு வாரம் முன்பாகவே பொறுப்பை ஒப்படைத்துவிடுவது நல்லது. முதல் நாள் அவரோடு தோட்டத்தை ஒரு சுற்று வாருங்கள். நோயுள்ள செடிகளுக்குக் கட்ட ஒரு கட்டுச் சிவப்புத் துணிக் கிழிசலை அவர் கையில் கொடுங்கள். மாலையில் எத்தனை கட்டினார் என்று கேட்டு, அச்செடிகளை மறுநாளே பிடுங்க ஆள் அனுப்புங்கள்.